மொச்சை, தினை, ஒரு சிவப்புக் காலுறை

பள்ளிக்கூட வாசலில் கோழிக்குஞ்சு விற்கிற ஆள் கையில் சிக்கினால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று மால்சுன் வருஷா வருஷம் கறுவுவாள். மார்ச்சில் பள்ளி திறந்ததும் அந்த ஆள் அட்டைப்பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுவான். பெட்டி நிறைய மஞ்சள் குஞ்சுகள், கீச் கீச்சென்று. அத்தனையும் சேவல், முட்டைக்கு ஆகாது என்று பண்ணையில் கழித்துக் கட்டியவை. மூன்று நாள் தாங்கினாலே பெரிய காரியம். மாசான் ஊரில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இது தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் காதில் ஏறாது.

அந்த வருஷம் அவளுடைய மூத்த மகள் மிரான் சட்டை மடியில் மூன்று குஞ்சுகளை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். ஒன்பது வயது. ஆறு வயதுத் தம்பி சாங்கு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். மால்சுன் கத்தித் தீர்த்தாள். செத்துப்போச்சு என்று அழுதுகொண்டு என்னிடம் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இரண்டாம் நாளே ஒன்று செத்தது. மிரான் அழுதாள், ஆனால் அம்மாவிடம் வரவில்லை. அதை மதிலோரமாகப் புதைத்துவிட்டு வந்து மற்ற இரண்டுக்கும் பெயர் வைத்தாள். குண்டாக இருந்தது மொச்சை. ஒல்லியாக இருந்தது தினை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் குஞ்சு வளர்த்த நேர்த்தியைப் பார்த்து மால்சுனுக்கே வாயடைத்துப் போயிற்று. சமையற்கட்டு அறையைவிடத் தாழ்வு, அடுப்பின் சூடு அறைத் தரைக்கு அடியில் ஓடும். அடுப்புக்கு நேர் மேலே தரை வெதுவெதுப்பாக இருக்கும் மூலையைப் பெரியவர்களுக்குத்தான் விடுவார்கள். மிரான் அப்பாவிடம் கெஞ்சி அந்த இடத்தைக் குஞ்சுகளுக்கு வாங்கிவிட்டாள். நூடுல்ஸ் வந்த அட்டைப்பெட்டி, அதன்மேல் பழைய போர்வை, உள்ளே ஊறவைத்த தினையரிசி. பள்ளியில் ஆசிரியை ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தாள். குஞ்சு இன்றைக்கு என்ன செய்தது என்று தினம் நாலு வரி எழுத வேண்டும். வீட்டில் பெரியவர்கள் யாராவது அதைப் படித்துப் பார்த்து, கையெழுத்துக்குப் பதிலாக அடியில் பெயர் முத்திரை வைக்க வேண்டும். மால்சுன் இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மரமுத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுக் குத்துவாள். 'மொச்சைக்கு இறக்கை நுனியில் வெள்ளை இறகு வந்திருக்கிறது.' குத்து. 'தினை என் உள்ளங்கையில் தூங்கிற்று.' குத்து. வேண்டா வெறுப்பாகத் தொடங்கியவள், ஒரு வாரத்தில், இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று தானே நோட்டைத் தேடினாள்.

அவர்கள் வீட்டில் பக்கத்து அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஹாமான் என்கிற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் அதில் இருந்தவளை எல்லாரும் ஹாமான்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் கப்பலில். அவள் மத்தியானத்துக்கு மேல் மீன் சந்தையில் சிப்பி உடைக்கப் போவாள். பிள்ளை குட்டி இல்லை. மிரானும் சாங்குவும் அவளைப் பெரியம்மா என்பார்கள். அவளுக்கு நெருப்பென்றால் ஒரு பயம். சின்ன வயதில் அவளுடைய தம்பி கரியடுப்புப் புகையில் மூச்சடைத்துப் போனவன். அதிலிருந்து தன் அடுப்பை மூன்று தடவை பார்ப்பாள், மால்சுனின் அடுப்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். மால்சுன் அதைக் கேலி செய்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஏப்ரலில் கிதே வேலை பார்த்த ஆலையிலிருந்து குடும்பங்களை எல்லாம் ஜின்ஹேவுக்குச் செர்ரிப் பூப்பார்க்கக் கூட்டிப் போனார்கள். கிதே மால்சுனின் கணவன், ஆலையின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. மேலாளரும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்றதும் மால்சுனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கையிடம் ஒரு வெள்ளைக் கோட்டு இரவல் வாங்கினாள். கிதே நண்பனிடம் கேமரா இரவல் வாங்கினான். மிரான் மட்டும் வர மாட்டேன் என்று கால் ஊன்றி நின்றாள். குஞ்சுகளை யார் பார்ப்பது? ஹாமான்காரம்மா தலையிட்டு, சந்தைக்குப் போவதற்கு முன் தான் ஒரு எட்டுப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் மிரான் இறங்கி வந்தாள். மால்சுனும் தன் பங்குக்கு, குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது, அம்மா பொறுப்பு என்று சொன்னாள். சொன்னது அவள்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு இரண்டுபட்டது. கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துக் கிம்பாப் சுருட்ட வேண்டும், பிள்ளைகளுக்குத் தலை அலச வேண்டும், அதற்கு வெந்நீர் வேண்டும். மால்சுன் அடுப்பில் புதுக் கரிக்கட்டியை வைத்தாள். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று அடுப்பின் அடியில் இருக்கும் காற்றுத்துளையின் அடைப்பையும் பிடுங்கினாள். அந்த அடைப்பு வேறொன்றுமில்லை, மிரானுக்குச் சின்னதாகிப்போன ஒரு சிவப்புக் காலுறை, உள்ளே கந்தல் திணித்தது. துளையை அடைத்தால் கரி நாள் முழுக்கக் கனன்றுகொண்டு கிடக்கும், திறந்தால் சீறிக்கொண்டு எரியும். வெந்நீர் கொதித்தது. தலை அலசினாள், துவட்டினாள், கோட்டை மாட்டினாள். வாசலில் கிதே, பஸ் போய்விடும் என்று கத்தினான். அவள் அடைப்பைக் குனிந்து எடுத்தாள், சாங்கு ஒற்றைச் செருப்போடு ஓடினான், அவனைப் பிடிக்க ஓடினாள்.

ஜின்ஹேவில் ஆற்றோரம் முழுக்கப் பூ. மேலே பார்த்தால் வானம் தெரியவில்லை. பதினொரு மணிக்கு மேல், மேலாளர் மனைவி தன் பாய்க்கு மால்சுனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தினாள். மால்சுன் மூக்கைத் துடைக்கக் கோட்டுப் பையில் கையை விட்டாள். கைக்குட்டைக்குப் பதிலாகக் காலுறை வந்தது.

பூ, கூட்டம், பாட்டு எல்லாம் ஒரு நொடி நின்றுவிட்டது அவளுக்கு. காற்றுத்துளை திறந்து கிடக்கிறது. மேலே பெட்டி, அதன்மேல் போர்வை.

வாயிலுக்குப் பக்கத்தில் டெலிபோன் கூண்டு இருந்தது. அவர்கள் சந்து முனைக் கடையில் போன் உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரர் மேட்டுச் சந்தில் ஏறிப் போய் ஹாமான்காரம்மாவிடம் சொல்லிவிடுவார். மால்சுன் எழுந்தாள். போய் வரிசையில் நின்றாள். முன்னால் ஐந்து பேர். அதற்குள் மேலாளர் மனைவி பாயிலிருந்து குரல் கொடுத்தாள், வந்ததும் வராததுமாக யாருக்கு போன் என்று. நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன சொல்வது? அடுப்படைப்பைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பூப்பார்க்க வந்தவள் என்றா? அதுவும் இரவல் கோட்டு. ஆலையில் ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கிதே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான். ஹாமான்காரம்மா எப்படியும் மத்தியானம் பார்ப்பாள், அவள் கண்ணுக்கு நெருப்பு தப்பாது. மால்சுன் இப்படி எல்லாம் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, காலுறையைப் பைக்குள் திணித்து, சிரித்த முகத்தோடு பாய்க்குத் திரும்பிவிட்டாள்.

நம்புங்கள், அதற்குப் பிறகு அவள் நன்றாகச் சாப்பிட்டாள். பாடச் சொன்னார்கள், பாடினாள். மிரான் மட்டும் தன் கிம்பாப்பிலிருந்து சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள், மொச்சைக்கும் தினைக்கும்.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே பொசுங்கிய வாடை அடித்தது. மூலையில் தரைக்காகிதம் கருத்துப் பொரிந்திருந்தது. மிரான் செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். போர்வையை விலக்கினாள். இரண்டும் பெட்டியின் ஒரு மூலையில், சூட்டிலிருந்து விலக முடிந்த அளவு விலகி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

எல்லாரும் அறைக்குள் இருந்தபோது மால்சுன் சமையற்கட்டுக்கு இறங்கினாள். கோட்டுப் பையிலிருந்து காலுறையை எடுத்தாள். அதைத் துளையில் செருகவில்லை. துளைக்கு ஒரு சாண் தள்ளி, தரையில் போட்டாள். ஏன் அப்படிப் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவளுக்குத் தெரியும்.

இருட்டுகிற நேரத்தில் ஹாமான்காரம்மா சந்தையிலிருந்து வந்தாள். மிரான் அவள்மேல் பாய்ந்தாள். நீதான் கொன்னே, பாத்துக்கிறேன்னு சொல்லிக் கொன்னுட்டே என்று அடித் தொண்டையில் கத்தினாள். ஹாமான்காரம்மா நடந்தது புரியாமல் சமையற்கட்டுக்குள் ஓடிக் குனிந்தாள். தரையில் கிடந்த காலுறையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"மத்தியானம் வந்து பாத்தேனே. தரை இதமாத்தான் இருந்துச்சு, குஞ்சுங்களும் நல்லாத்தான் இருந்துச்சு. இங்கயும் குனிஞ்சு பாத்தேன். துளையில சிவப்பாத் தெரிஞ்சுது, அடைப்பு இருக்குன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். தன் நீளப் பாவாடையை ஒரு தடவை பார்த்தாள். "எந்திரிக்கும்போது பாவாடை பட்டு இழுத்திருக்கும். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். மிரான் அம்மா, மன்னிச்சுக்க."

அவள் பார்த்த சிவப்பு கரியின் சிவப்பு. மால்சுனுக்கு அது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் போதும். எல்லார் முன்னாலும் அவள் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

"கொஞ்சம் பாத்து எந்திரிச்சிருக்கலாம்க்கா."

இவ்வளவுதான் சொன்னாள். அழகாக, மரியாதையாக, அக்கா என்று வேறு சொல்லி.

கிதேவுக்குக் குஞ்சுகளைப் பற்றிக் கவலை இல்லை. பொசுங்கிய தரையைத்தான் அவன் தடவித் தடவிப் பார்த்தான். நெருப்பு விஷயத்தில் இவ்வளவு அசட்டையாக இருக்கிற ஆளைப் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல் என்றான். மால்சுன் வேண்டாங்க என்று ஒரு வார்த்தை முனகினாள். ஏன் வேண்டாம் என்று அவன் திருப்பிக் கேட்டதும் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கும் மிரான் நோட்டு எழுதினாள். 'பெரியம்மாவின் பாவாடை பட்டு அடைப்பு விழுந்துவிட்டது. மொச்சையும் தினையும் சூட்டில் செத்துவிட்டன. இனி நோட்டு எழுத ஒன்றும் இல்லை.' நோட்டை அம்மா முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மால்சுன் முத்திரையை மையில் தொட்டாள். குத்தினாள். பொய்க்கு அத்தாட்சி வைத்த முத்திரை மற்றவற்றைவிடப் பளிச்சென்று விழுந்திருந்தது.

மாசக் கடைசி வரை ஒரே முற்றத்தில் அவர்கள் நடமாட வேண்டியிருந்தது. ஹாமான்காரம்மா தலை நிமிர்ந்து நடக்கவில்லை. குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளுக்கு வழி விட்டார்கள். சந்தில் இன்னோர் அறை கேட்டுப் போனாள். நெருப்பு விஷயம் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் சந்தைக்குப் பின்னால், வலை காயப்போடுகிற கொட்டகையை ஒட்டி ஒரு பொந்து கிடைத்தது. போகிற அன்று மிரானுக்கென்று ஒரு கிண்ணம் வறுத்த பயறு வைத்துவிட்டுப் போனாள். மிரான் அதைத் தொடவில்லை. மால்சுன் அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாமல் துணி போட்டு மூடினாள்.

மே மாதம் சாங்குவின் பிறந்தநாளில்தான் கேமராவில் மீதியிருந்த படங்களை எடுத்து முடித்தார்கள். கழுவிப் பிரதி போட்ட படங்களைக் கிதே வீட்டுக்குக் கொண்டுவந்தான். தரையில் பரப்பிவைத்துப் பிள்ளைகள் இரண்டும் குனிந்து பார்த்தார்கள். மேலாளர் குடும்பம். பாய். சாங்கு வாய் நிறையக் கிம்பாப். பிறகு பூமரத்தடியில் அக்காவும் தம்பியும் நிற்கிற ஒரு படம்.

மிரான் அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நகர்ந்தாள். அதில் அவர்களுக்குப் பின்னால், டெலிபோன் வரிசையில், வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மா நிற்கிறாள். கையில் எதையோ வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது சிவப்பாக இருக்கிறது. கணுக்கால் பக்கம் வெள்ளைக் கோடு கூடத் தெரிகிறது.

"என் காலுறை" என்றாள் மிரான்.

கிதே அடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், காதில் வாங்கவில்லை. மிரான் அம்மாவைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணின் கண்ணுக்கு முன்னால் மால்சுன் கூனிக் குறுகிப் போனாள். பெற்ற பிள்ளை முன்னால் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. பொசுங்கிய இடத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிரவே கிதேவிடம் சொல்லிவிட்டாள். அவன், ஒரு போன் போட உனக்கு என்ன கேடு என்று மட்டும் கேட்டான். மறுநாள் பள்ளி விட்டதும் மிரானைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். மிரான் கூடவே வந்தாள், ஆனால் கையைக் கொடுக்கவில்லை.

சிப்பி உடைக்கிற பெண்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஹாமான்காரம்மா கடைசியில் இருந்தாள். அவள் தன் பாவாடையை முழங்காலுக்குக் கீழே நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தாள். சந்தைத் தண்ணீர் படாமல் இருக்கக் கட்டியிருப்பாள் என்று மால்சுன் நினைத்தாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், மிரான் நிற்பதைப் பார்த்ததும் அங்கேயே, பத்துப் பேர் முன்னாலும் சொன்னாள்.

"அக்கா, அடைப்ப நான்தான் கோட்டுப் பையில எடுத்துட்டுப் போயிட்டேன். பூப்பார்க்கிற எடத்துல பாத்தேன். போன் பண்ணல. வீட்டுக்கு வந்து கீழ போட்டது நான்தான். நீங்க இல்ல."

கத்திகள் எல்லாம் நின்றன. ஹாமான்காரம்மாவின் கத்தி மட்டும் இன்னும் ஒரு சிப்பியைத் திறந்து முடித்தது.

"அப்போ என் பாவாடை இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"நெசமா? என் பாவாடை படலையா?"

"படல. நீங்க பாத்தது கரியோட சிவப்பு."

ஹாமான்காரம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். பிறகு குனிந்து, முழங்காலுக்குக் கீழே இருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். அன்னிக்கிலேர்ந்து கட்டிக்கிட்டேதான் இருந்தேன், அடுப்புல மறுபடி பட்டுடக் கூடாதுன்னு, தூக்கத்துல கூட இத அவுக்கல என்று, யாரிடமும் இல்லாமல், முடிச்சிடம் சொல்வதுபோலச் சொன்னாள். கயிறு அவிழ்ந்தது. பாவாடை ஈரத்தரையில் விழுந்து நனைந்தது. அவள் அதைத் தூக்கிக்கொள்ளவில்லை.

திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், மால்சுன் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். அறைக்குத் திரும்பி வந்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். ஹாமான்காரம்மா வேண்டாம் என்றாள், கோபமில்லாமல், அங்க வேணாம் மிரான் அம்மா என்று. மிரான் அவள் பக்கத்தில் போய் நின்று, பெரியம்மா, நான் உங்களத் திட்டிட்டேன் என்றாள். ஹாமான்காரம்மா சிப்பி வாடை அடிக்கிற கையால் அவள் தலையைத் தொடப்போய், முடி நாறும் என்று புறங்கையால் தொட்டாள்.

வீடு வந்து சேர்ந்ததும் மிரான் பழைய நோட்டை எடுத்துவந்தாள். கடைசிப் பக்கத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து அம்மா முன்னால் வைத்துப் பென்சிலைக் கொடுத்தாள்.

"நீ எழுதும்மா. நான் முத்திரை வைக்கிறேன்."

மால்சுன் எழுதினாள். நாலு வரிதான், எழுத வெகு நேரம் பிடித்தது. மிரான் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, உதடு அசைய ஒரு தடவை படித்தாள், மறுபடி ஒரு தடவை படித்தாள். முத்திரையைக் கையில் எடுத்தவள் எடுத்தபடியே நிறுத்தினாள்.

"மறந்துட்டேன்னு எழுதியிருக்க. வரிசையில நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்னு எழுது."

மால்சுன் அழித்து எழுதினாள். மிரான் மூன்றாம் தடவையும் படித்துவிட்டு, முத்திரையை மையில் தொட்டுக் குத்தினாள்.